வீடியோ போட்ட பிறகு காப்புரிமை கேட்க முடியாதா? பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

பேட்டை_லேத்:
எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பேட்டையில் இருபது ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா பத்தமடைக்காரர். பாய்க்குக் கோரை கிழித்தே அவருடைய விரல்கள் மரத்துப்போயின; கடைசிக் காலத்தில் சேலைக்கு ஊக்கு குத்தக்கூட என் மனைவியைத்தான் கூப்பிடுவார். அவர் போன பிறகு இரண்டு ஆண்டுகள் ஒரே வேலையாக உட்கார்ந்து கோரை கிழிக்கும் கருவி ஒன்றைச் செய்தேன். கையால் சுற்றுவது. இரண்டு ரப்பர் உருளைகள் கோரையைப் பிடித்து இழுக்கும். எதிரே வரிசையாக அலகுகள் நிற்கும். ஒரு திருகைத் திருப்பினால் அலகுகளின் இடைவெளி மாறும். தடித்த கோரையானாலும் மெல்லிய கோரையானாலும் நடுவிலிருந்து விலகாமல் பிளக்கிறது.

பொங்கல் முடிந்து பாளையங்கோட்டையில் மகளிர் குழுக்கள் நடத்திய கண்காட்சியில் இதை இயக்கிக் காட்டினேன். அக்கா மகன் அதைப் படம் பிடித்து அன்றிரவே இணையத்தில் ஏற்றினான். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். ஊரே பாராட்டியது, நானும் மகிழ்ந்தேன்.

இப்போது ஆகஸ்ட். காப்புரிமை, அதாவது பேடன்ட், வாங்கலாம் என்று சென்னையில் ஓர் ஆலோசகரைத் தொலைபேசியில் கேட்டேன். "வீடியோ போட்டு ஏழு மாதமாகிவிட்டதே, இனி ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் வீடியோதான் உங்களுக்குத் தடை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. என் மூளையில் உதித்தது, என் கையால் செய்தது. எனக்கு நானே எப்படித் தடையாக முடியும்? கோவைப் பக்கம் ஒருவர் இதே அமைப்பில் செய்து விற்கப்போகிறார் என்றும் கேள்விப்படுகிறேன். அவர் முந்திக்கொண்டு மனுப் போட்டுவிட்டால் என் கருவியை நானே செய்ய முடியாமல் போய்விடுமா? வீடியோவை உடனே நீக்கிவிடட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொக்கிரகுளம்:
அண்ணாச்சி, முதலில் ஒன்று. அந்த வீடியோவைத் தயவுசெய்து நீக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் பதிவுபெற்ற காப்புரிமை முகவர். உங்கள் ஆலோசகர் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். மனுச் செய்யும் நாளுக்கு முன்பு உலகத்துக்குத் தெரிந்திருந்த எல்லாவற்றையும் சட்டம் ஒரே கூடையில் போடுகிறது. அச்சில் வந்தது, ஊரில் புழங்கியது, இணையத்தில் ஏறியது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் தொழிலில் அதை முன்னறிவு என்று சொல்கிறோம். அந்தக் கூடையில் இருப்பதற்குக் காப்புரிமை கிடையாது. கூடையில் போட்டவர் கண்டுபிடித்தவரேயானாலும் பொதுவிதி இதுதான்.

விதிவிலக்குகள் உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 29 முதல் 33 வரையிலான பிரிவுகளைப் பாருங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் ஒருவர் உங்களிடமிருந்து எடுத்து வெளியிட்டிருந்தால், அது தெரிந்தவுடன் தாமதிக்காமல் நீங்கள் மனுச் செய்தால், அந்த வெளியீடு உங்களைப் பாதிக்காது. கருவியை வணிகத்துக்கு விட்டிருக்கக் கூடாது என்பது அதிலுள்ள நிபந்தனை. கண்காட்சியில் வைத்தால் 12 மாத அவகாசம் உண்டு. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக அது இருக்க வேண்டும். பொது இடத்தில் வைத்து இயக்கிப் பார்த்தே தீர வேண்டிய பொருளாக இருந்தால், சோதனைக்காக இயக்கியதற்கும் ஓராண்டு அவகாசம் உண்டு.

ஆகவே மூன்று கேள்விகள். வீடியோ உங்கள் சம்மதத்துடன் ஏறியதா? கருவியை யாருக்காவது விற்றீர்களா? ஜனவரிக்குப் பிறகு அதில் ஏதேனும் மாற்றம் செய்தீர்களா? மூன்றாவதற்கு நிதானமாக யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

பேட்டை_லேத்:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை நான்தான் போடச் சொன்னேன். "நம்ம மாமா செஞ்சதுன்னு போடுடா" என்ற என் குரலே அதில் கேட்கிறது. கண்காட்சி மகளிர் குழுக்களுடையது, அரசிதழ் அறிவிப்பெல்லாம் இருந்திருக்காது. வீரவநல்லூரில் தெரிந்த வீட்டுக்கு ஒரு கருவி கொடுத்தேன், பணம் வாங்கவில்லை. மாற்றம் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆனித்தேர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வரைபடத்தை உறையில் போட்டு நமக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உடைக்காமல் வைத்திருந்தால் அஞ்சல் முத்திரையே அத்தாட்சி என்று பாலிடெக்னிக்கில் படித்தபோது சொன்னார்கள். அண்ணாச்சி அப்படி ஏதும் செய்திருந்தால் உதவுமா?

கொக்கிரகுளம்:
உதவாது, தம்பி. நம் நாட்டில் முதலில் மனுச் செய்தவருக்கே உரிமை. உறைக்குள் இருக்கும் தேதி மனுத் தேதி ஆகாது. அந்த உறையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கண்கலங்கியவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இந்த ஆலோசனையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

பொருநைக்கரை:
அந்தப் பழக்கத்துக்கு வேர் அமெரிக்கா. நான் அங்கே பதினான்கு ஆண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அங்கே 2013 மார்ச் 16க்கு முன்பு விதி வேறு. முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு பொறியாளரும் பக்க எண் போட்ட குறிப்பேட்டில் தேதி எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்குவோம். 2011இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால் அங்கும் மனுத் தேதியே கணக்கு என்றாகிவிட்டது.

ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு செய்தி. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம் என்ற சலுகையை அமெரிக்கா வைத்திருக்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் கிடையாது. வரும் ஜனவரி வரை அமெரிக்கக் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. பத்தமடைக் கோரைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி என்ன செய்வது என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. வழக்கறிஞர் கட்டணத்துக்கே பட்டறையை விற்க வேண்டியிருக்கும். போவதென்றாலும் இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் மனுச் செய்ய நம் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி முன்னனுமதி வேண்டும், அல்லது இங்கே மனுச் செய்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும்.

என்னை வருத்துவது இதுதான். நம் ஊரில் புதிதாக ஒரு கலப்பை செய்தால் அடுத்த வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவர் ஒரு குறை சொல்வார், அதைத் திருத்துவோம். பொருள் அப்படித்தான் உருப்படுகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் இந்தச் சட்டம் தண்டிக்கிறது. வெளியிட்டவருக்கு ஆறு மாதமாவது பொதுவான அவகாசம் நம் நாட்டிலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூலிகைத்தோட்டம்:
அண்ணாச்சியின் வருத்தம் புரிகிறது. ஆனால் இதே விதியை எங்கள் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள்.

1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்காகக் காப்புரிமை கொடுத்தார்கள். மஞ்சள்! நம் வீட்டில் எந்தக் குழந்தை முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் முதலில் கைபோகும் டப்பா அதுதானே. நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தில் மறுபரிசோதனை கேட்டு 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. எதை வைத்து வென்றார்கள் தெரியுமா? 32 எழுத்துச் சான்றுகள். அவற்றில் ஒன்று 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை. நம் ஆச்சிகளின் கைப்பழக்கம் அங்கே செல்லாது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டுக்கு வெளியே மக்கள் பயன்படுத்தியது கணக்கில்லை. வெளிநாட்டு அறிவு அச்சில் இருந்தால்தான் கணக்கு. கோடிப் பேர் நாள்தோறும் பூசியதைவிட ஒரு பழைய தாளுக்கு எடை அதிகமாக இருந்தது. 2013 மாற்றத்தில்தான் அந்த நாட்டு எல்லை நீங்கியது. எங்கே பயன்பட்டிருந்தாலும் இப்போது அது முன்னறிவுதான்.

ஐரோப்பாவில் அந்த எல்லை இல்லை. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சைக்கொல்லி தயாரிப்பதற்கு அமெரிக்க வேளாண் துறையும் கிரேஸ் நிறுவனமும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமையை எதிர்த்தபோது, இந்தியாவில் அதே வகை வேலையை ஏற்கெனவே செய்துவந்த உற்பத்தியாளர் ஒருவர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். 2000இல் ரத்தானது, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

வெளியே மட்டும் நடப்பதில்லை. நாவல், இலவங்கப்பட்டை, சந்தனம் சேர்ந்த சர்க்கரை நோய் மருந்து ஒன்றுக்கு நம் நாட்டிலேயே காப்புரிமை தந்துவிட்டு, 2012இல் மத்திய அரசே காப்புரிமைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் ரத்துசெய்ய வேண்டிவந்தது. "வெளியானது யாருக்கும் சொந்தமில்லை" என்ற விதி தளர்ந்தால் முதலில் பறிபோவது எங்கள் சுவடிகள்தான். பொருநைக்கரை ஐயா கேட்கும் அவகாசத்தை யார் அதிகம் பயன்படுத்துவார்கள் என்றும் யோசியுங்கள்.

பொருநைக்கரை:
தங்கையே, நான் கேட்பது கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டுக்கான அவகாசம் மட்டும். ஆச்சியின் மஞ்சளுக்கு அதனால் ஆபத்தில்லை, அது எந்த அவகாசத்துக்கும் முந்தியது. ஆனாலும் நீங்கள் சொன்ன தாளின் எடை என் நெஞ்சில் தைத்தது. நியாயமான பேச்சு.

பாவும்_ஊடையும்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்க முடியவில்லை. நான் பத்தமடை. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாகப் பாய் முடைகிறோம்.

பேட்டை அண்ணாச்சி, உங்கள் வீடியோவைப் பார்த்தேன். நல்ல கருவி. ஆனால் வரிசையாக அலகு வைத்துக் கோரை கிழிப்பது உங்களுடைய யோசனை இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பெரியம்மா ஒரு பலகை வைத்திருந்தார். வேப்பமரப் பலகை. அதில் சவரக்கத்தித் துண்டுகளை வரிசையாகச் செருகியிருப்பார். கோரையின் நுனியைக் கொடுத்து இழுத்தால் நாலாகப் பிளக்கும். தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, படமெடுக்கவில்லை. உங்கள் அம்மாவும் அதைப் பார்த்திருப்பார்.

காப்புரிமை வாங்கிவிட்டு நாளைக்கு எங்கள் தெருவுக்கு வந்து அந்தப் பலகைக்குக் காசு கேட்பீர்களா? நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஆனால் இருபது ஆண்டு உரிமை என்கிறார்கள். அதை உங்களிடமிருந்து விலைக்கு வாங்குகிறவர் கேட்பாரே. 2013இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோம். அது ஊருக்கே உரியது. இது ஒரு ஆளுக்கு உரியதாக ஆகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேட்டை_லேத்:
நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே எழுத மனம் வரவில்லை.

தங்கச்சி, அம்மா அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான்தான் மறந்துவிட்டேன், அல்லது மறக்க விரும்பினேன். "இழுக்கும்போது கை நடுங்கினா கோரை ஒருபக்கமா ஓடிரும், பாதி வீணாப் போகும்" என்பார். உருளை வைக்கும் யோசனை எனக்கு அந்தச் சொல்லில் இருந்துதான் வந்தது. கை நடுங்காமல் இழுக்க ஏதாவது வேண்டும் என்றுதான் தொடங்கினேன். உங்கள் தெருவிடம் காசு கேட்பதற்கு முன்னால் நான் பட்டறையை மூடிவிடுவேன். ஆனால் நீங்கள் சொன்ன அடுத்த கைக்காரர் கேட்பார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. முகவர் ஐயா சொல்லட்டும்.

கொக்கிரகுளம்:
அம்மா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. காப்புரிமையின் எல்லையை அதிலுள்ள உரிமைக்கோரல் வாசகங்கள்தான் தீர்மானிக்கின்றன. "அலகுகள் கொண்டு கோரையைப் பிளக்கும் கருவி" என்று ஒருவர் அகலமாக எழுதினால், உங்கள் பெரியம்மாவின் பலகையே அதை உடைக்கும். நம் சட்டத்தில் இந்தியாவுக்குள் பொதுவில் பயன்பட்டது தடைதான்; அச்சில் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கும் மேலே, உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக இருக்கும் அறிவைக் காட்டியும் எதிர்க்கலாம் என்று 25ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மரபறிவுக்கு உரிமை இல்லை என்று 3ஆம் பிரிவின் (p) உட்பிரிவு சொல்கிறது. அறிந்த பாகங்களை வெறுமனே சேர்த்துவைப்பதும் கண்டுபிடிப்பாகாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சான்றுதான் இல்லை. மனுவைச் சரிபார்க்கும் பரிசோதகர் சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் தேடுவார். பத்தமடையில் ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் பலகை அவர் திரையில் வராது. யாராவது படமெடுத்து, அளவெடுத்து, பயன்படுத்தியவர்களின் வாக்குமூலத்தோடு வெளியிட்டால்தான் வரும்.

இப்போது பேட்டை அண்ணாச்சிக்கு. வீடியோவை ஏன் நீக்கக் கூடாது என்றேன்? நீக்கினாலும் வெளியானது வெளியானதுதான், உங்களுக்கு உரிமை திரும்பி வராது. ஆனால் கோவைக்காரர் ஜனவரிக்குப் பிறகு மனுச் செய்திருந்தால், உங்களைத் தடுத்த அதே வீடியோ அவரையும் தடுக்கும். மனு பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும். காப்புரிமை அலுவலக இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வருகிறது, அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் உரிமை வழங்க மாட்டார்கள். அதற்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். முன்பு அது இலவசம். 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் அதற்கும் கட்டணம் வைத்துவிட்டன. பாய் முடைகிறவர்களையும் மருந்து இடிக்கிறவர்களையும் வாசலிலேயே நிறுத்துகிற மாற்றம் அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

காரையாறு_வழி:
பாபநாசத்துக்கு மேலே கொஞ்சநாள் பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு சொல். எழுதி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலப் பேச்சு போகிறது. அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் 1987இல் உடன்வந்த ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். களைப்பில்லாமல் மலையேற அவர்கள் தின்றது அதன் காயைத்தான். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் உரிமப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று திருவனந்தபுரத்து ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால் காட்டியது சிலர், அறிவு எல்லோருடையது. அந்த மக்களுக்குள்ளேயே எல்லோரும் ஒரு மனதாக ஏற்கவில்லை.

நம் பக்கத்துக் காணிகளிடம் போய் "எழுதி வெளியிடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லுமுன் யோசியுங்கள். வெளியிட்டால் இன்னொருவர் காப்புரிமை வாங்க முடியாது. ஆனால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு ஒரு காசும் வராது.

மூலிகைத்தோட்டம்:
அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவைக்காமல், ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் காட்டினார்கள். சித்த மருத்துவ நூல்களையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என ஐந்து மொழிகளில் பரிசோதகருக்குப் புரியும்படி மாற்றிவைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது நூலில் ஏறிய அறிவு. நூலில் ஏறாத மலையறிவுக்கு நீங்கள் சொல்லும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. உயிர்வளத்திலிருந்து எடுத்ததற்குக் காப்புரிமை கேட்பவர் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற சட்டம் 2002இல் வந்தது; 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்தியர்கள் உரிமை வழங்கப்படுமுன் அங்கே பதிவு செய்ய வேண்டும். பங்கு கேட்க அதுதான் இப்போதைக்கு இருக்கும் வழி. போதுமானது என்று நான் சொல்லவில்லை.

பேட்டை_லேத்:
முகவர் ஐயா, யோசித்துவிட்டேன். மே மாதம் ஒரு மாற்றம் செய்தேன். காய்ந்த கோரை உருளையில் வழுக்கியது. மேல் உருளையை வில்கம்பியில் தொங்கவிட்டு, கோரையின் தடிமனுக்கு ஏற்ப அதுவே ஏறி இறங்கும்படியும், அந்த அசைவே அலகுகளைக் கொஞ்சம் விரிக்கும்படியும் இணைத்தேன். இப்போது திருகைத் தொடவே வேண்டாம். இது வீடியோவில் இல்லை. வீரவநல்லூரில் இருப்பதும் பழைய கருவிதான். பட்டறையில் பையனையும் என்னையும் தவிர யாரும் பார்க்கவில்லை.

கொக்கிரகுளம்:
அண்ணாச்சி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் இங்கே எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்! இந்த இழையும் பொதுவெளிதான். நீங்கள் இப்போது எழுதிய நாலு வரியே நாளைக்கு உங்களுக்கு எதிராக வைக்கப்படலாம். இதைப் பார்த்தவுடன் எனக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இன்றிரவே கருவியை விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பை எழுதி இணையவழியில் மனுவைப் போட்டுவிடுவோம். தனிநபருக்குக் கட்டணம் 1600 ரூபாய். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது. பரிசோதனைக்கு 4000 ரூபாய் பின்னால் கட்டலாம். வீடியோவில் இருப்பதோடு ஒப்பிட்டால், தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம் இது என்று காட்ட வேண்டும். அது உறுதி என்று இப்போது சொல்ல மாட்டேன். முயல்வதற்கு இடமிருக்கிறது. கையில் பணம் இல்லாதவர்கள் தேசியப் புத்தாக்க நிறுவனத்தையும் அணுகலாம். பட்டறைக்காரர்கள், விவசாயிகளின் பெயரிலேயே அவர்கள் மனுச் செய்து தருகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்பேன். விவரக்குறிப்பில் பத்தமடைப் பலகையை முன்னறிவாக நாமே எழுதிவிடுவோம். அப்படி எழுதிவிட்டால் அந்தப் பலகை அரசு ஆவணத்தில் ஏறிவிடும். பிறகு யார் வாங்கினாலும் அதன்மேல் கைவைக்க முடியாது.

பேட்டை_லேத்:
பேசிவிட்டேன். இரவு 11.20க்கு மனு ஏறியது. பலகையைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறோம், ஆனால் அளவு தெரியவில்லை. முழு விவரக்குறிப்புக்கு வரைபடம் வேண்டும் என்கிறார்.

பாவும்_ஊடையும்:
பெரியம்மா வீட்டுப் பரணில் தேடினோம். பலகை இருக்கிறது. செருகியிருந்த ஐந்து அலகில் மூன்றுதான் மிச்சம், துருப்பிடித்திருக்கிறது. ஓரத்தில் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, ஆனால் எப்படி இழுப்பது என்று உட்கார்ந்து காட்டுகிறேன் என்கிறார். மூலிகைத்தோட்டம் அக்காவும் வந்து அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொண்டால் நல்லது.

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வாருங்கள். அளவெடுக்கும் கருவியையும், கிழித்துப் பார்க்கக் கொஞ்சம் பச்சைக் கோரையையும் கொண்டுவாருங்கள். இங்கே இப்போது அறுப்பு இல்லை.